ஐந்தாம் தேதித் தவணை முடிந்தது: இனி அந்த 13,977 ரூபாயை என்ன செய்வது?

கணக்குநோட்டு (திருவொற்றியூர், காலடிப்பேட்டை)

இந்த மன்றத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். 2008இல் இங்கே இரண்டாம் மாடியில் 620 சதுர அடி வீடு வாங்கினோம். கடன் 14 லட்சம், வட்டி 10.5 சதவீதம், இருபது வருடம். மாதத் தவணை 13,977 ரூபாய். இடையில் வட்டி ஏறியது, இறங்கியது. தவணை மாறவில்லை, கட்டி முடிக்கும் காலம்தான் நீண்டும் குறைந்தும் வந்தது. என் கணவருக்கு வந்த போனஸில் ஐந்து தடவை கூடுதலாகக் கட்டினோம். கடந்த செப்டம்பரில் கடன் முழுவதும் தீர்ந்தது.

வீட்டுக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். வருடத்துக்கு ஒரு நீள நோட்டு. இப்போது அலமாரியில் பதினேழு நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் வரி, சிவப்பு மையில், "வீடு – 13,977". அதை எழுதிய பிறகுதான் அரிசி, பால், கேஸ், பள்ளிக் கட்டணம் எல்லாம். அக்டோபர் முதல் தேதி நோட்டைத் திறந்தேன். பழக்கத்தில் "வீடு" என்று எழுதிவிட்டேன். தொகை எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. அந்த இடம் இன்றும் வெற்றாகத்தான் இருக்கிறது.

என் கவலை இதுதான். அந்த மாதம் தீபாவளி. எம்.சி. ரோட்டில் துணி, வீட்டில் பலகாரம், நாத்தனார் வீட்டுக்கு வரிசை, பையனுக்கு ஒரு சைக்கிள். பெரிய செலவு என்று ஒன்றையும் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கையில் மீதி 410 ரூபாய். பதினேழு வருடம் தவறாமல் ஒதுக்கிய பணம் ஒரே மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

கணவருக்கு வயது 49. மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை, கைக்கு வருவது 48,000. ஓய்வு வயது 58. மகள் பாரதி மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகன் ஒன்பதாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். மாதச் செலவு 31,000 வரை ஆகிறது. மீதி கணவருடைய போக்குவரத்து, விசேஷம், மருந்து என்று கரைந்துவிடும். கணவருக்கு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு மனை வாங்க ஆசை. "தவணை 14,000தானே, நமக்குப் பழகியதுதானே" என்கிறார். எனக்கு மறுபடி ஒரு கடன் என்று கேட்டதுமே சோர்வாக இருக்கிறது. இந்த நிலையைக் கடந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ராயபுரம் காசாளர்

அம்மா, முதலில் என் மனமார்ந்த வாழ்த்து. வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக் கடனைத் தீர்த்துவிட்டு வெளியே போகும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொந்த மகிழ்ச்சிபோல இருக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. பத்திரம் கைக்கு வந்துவிட்டதா?

கணக்குநோட்டு

இல்லை ஐயா. வந்து வாங்கிக்கொள்ளும்படி வங்கியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது. தீபாவளி முடியட்டும் என்று இருந்துவிட்டோம்.

ராயபுரம் காசாளர்

அப்படியானால் இந்த வாரமே போங்கள். கடைசித் தவணையோடு கடன் தீர்ந்துவிட்டது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பணம் தீர்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் ஏட்டில் உங்கள் வீடு இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது.

2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியின் பக்கம் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. உங்களை அழைத்துவிட்டார்கள் என்பதால் இப்போது தாமதம் உங்கள் பக்கம்.

போகும்போது, 2008இல் ஆவணங்களைக் கொடுத்தபோது வங்கி தந்த பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், கட்டட வரைபட அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பக்கம் பக்கமாக எண்ணுங்கள். கவுன்டரில் நிற்பவர் அவசரப்படுத்தினாலும் எண்ணி முடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கடன் பாக்கி இல்லை என்ற கடிதத்தை முத்திரையோடு வாங்குங்கள். அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள் இருந்தால் திரும்பக் கேளுங்கள். தவணையைத் தானாக எடுக்க வங்கிக்குக் கொடுத்த அனுமதி ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள்.

இதோடு முடியவில்லை. கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணம் ஒன்று பதிவாகியிருக்கும். வங்கியில் அதை எம்.ஓ.டி. என்போம். கடன் தீர்ந்ததற்கு வங்கி எழுதிக் கொடுக்கும் ரசீது ஆவணமும் அதே அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவானபின் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒப்படைப்பு ஆவணத்துக்குப் பிறகு ரசீது ஆவணமும் ஒரு வரியாக வந்திருக்க வேண்டும். சில வாரம் கழித்து, நாம் வாங்கிய கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்பதையும் கணவர் பார்க்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை அது இலவசம்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்

ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள் அக்கா. எங்கள் வீட்டுக் கடன் 2022இல் முடிந்தது. ஒரு வருடம் கழித்துப் போனபோது மூலப் பத்திரம் ஒன்று கோப்பில் இல்லை. எந்த வங்கி என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், சான்றிட்ட நகல் என்று என் அப்பா எட்டு மாதம் அலைந்தார். அசல் இன்றுவரை இல்லை. அண்ணன் வீட்டை விற்கப் பேசியபோது வாங்க வந்தவர் அந்த ஒரு காகிதத்துக்காகவே பின்வாங்கினார்.

ராயபுரம் காசாளர்

தம்பி, கேட்கவே வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு நடந்தது இப்போது நடந்திருந்தால், தொலைத்த ஆவணத்துக்கு நகல் எடுத்துத் தருவதில் வங்கி உதவ வேண்டும், அந்தச் செலவும் வங்கியுடையதே. அந்த வேலைக்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் தாமதமானால் இழப்பீடு ஓடத் தொடங்கும்.

பெரம்பூர் லோகோ

அக்கா, நான் கணினித் துறையில் இருக்கிறேன். எண்களைப் போட்டுப் பார்த்தால் உங்கள் நிலைமை எவ்வளவு நல்லது என்று உங்களுக்கே புரியும். அண்ணனுக்கு இன்னும் 9 வருட வேலை. அதாவது 108 மாதம். 13,977 பெருக்கல் 108, மொத்தம் 15,09,516. வட்டி ஒரு பைசா சேர்க்காமலே நீங்கள் 2008இல் வாங்கிய கடனைவிட அதிகம். ஒரு வீட்டுக்கு வாங்கிய கடன் அளவுக்கு இனி உங்கள் கையிலேயே சேரப் போகிறது.

வருமான வரியையும் பாருங்கள். இதுவரை வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரையும், அசலுக்கு 80சி பிரிவில் 1.5 லட்சத்துக்குள்ளும் கழித்திருப்பீர்கள். அதற்காகத்தான் அண்ணன் பழைய வரி முறையில் இருந்திருப்பார். இனி அந்தக் கழிவு இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் மாதச் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே வராது. அண்ணனின் சம்பளத்துக்கு அது போதும். அலுவலகத்தில் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் கணக்குத் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். வரியை மிச்சம் பிடிக்கத்தான் முதலீடு என்ற கட்டாயம் இனி உங்களுக்கு இல்லை.

என் யோசனை, முழுத் தொகையையும், பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுங்கள். நீண்ட காலத்தில் விலைவாசியைத் தாண்டி வளரக்கூடியது அதுதான்.

மீஞ்சூர் வடக்கு

தங்கை, மனை பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஊர் நல்ல ஊர், ரயில் வசதி உண்டு. ஆனால் இந்தப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது இன்று நேற்று நடந்ததல்ல, பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்தது. மனை பார்க்க வருபவர்கள் கல் நட்டிருக்கும் அழகையும் வளைவையும் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாயில் ஊற்றிப் பாருங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.

மனைப்பிரிவுக்கு நகரமைப்பு அலுவலகங்களான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. ஒப்புதல் இருக்கிறதா, ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் உண்டா, சாலையும் பூங்கா நிலமும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மனை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு வீடு கட்டாமல் இருந்தால், அந்தக் கடனுக்கு வீட்டுக் கடன் போல வரிக் கழிவும் கிடையாது. வாடகையும் வராது. தவணை மட்டும் வீட்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

கணக்குநோட்டு

இரவு கணவருக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் பக்கத்தையும் நான் சொல்ல வேண்டும். அவர் வளர்ந்தது கொருக்குப்பேட்டையில் வாடகை வீடுகளில். ஏழு வீடு மாறியிருக்கிறார்கள். ஒரு தடவை தேர்வுக்கு முந்தின நாள் சாமானை வண்டியில் ஏற்றி, புத்தகப் பை எந்த மூட்டையில் போனது என்று தெரியாமல் பக்கத்துத் தெரு நண்பனின் புத்தகத்தில் படித்தாராம். "பிள்ளைகள் இரண்டு பேர், வீடு ஒன்று. அவர்களில் ஒருவர் என்னைப்போல வாடகை வீட்டில் அலையக் கூடாது" என்கிறார். பேராசை இல்லை. அதனால்தான் முடியாது என்று என்னால் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.

எம்சிரோடு தையல் (பழைய வண்ணாரப்பேட்டை)

அக்கா, ஒரே ஒரு எச்சரிக்கை. தவணை முடிந்துவிட்டது என்று தெருவில் யாரிடமும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். எங்கள் கடன் 2019இல் முடிந்தது. அடுத்த வாரமே, பதினைந்து வருடம் பழகிய ஒரு பெண்மணி சீட்டுக்குச் சேர அழைத்தார். மாதம் 5,000, இருபது பேர், ஏலச் சீட்டு. நான் ஏலம் எடுக்காமல் கடைசிவரை பொறுத்தால் முழுத் தொகையும் வரும் என்றார். பதினான்காம் மாதம் அவர் வீட்டுக்குப் பூட்டு. கட்டிய 70,000 போனது. அதைவிட, அவர் மகள் என் மகளோடு ஒரே வகுப்பு. இரண்டு பிள்ளைகளும் பேச்சை நிறுத்திக்கொண்டதை இன்று நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

சீட்டு கூடாது என்று நான் சொல்லவில்லை. வடசென்னையில் எத்தனையோ கல்யாணமும் காதுகுத்தும் சீட்டுப் பணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத்துறையில் பதிவு செய்த சீட்டாக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட்டதற்கு முகம் சுளித்தால் அங்கே நிற்காதீர்கள். எனக்கு அந்த எண்ணைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. பழகிய முகம் என்பதால் வந்த கூச்சம்.

காசிமேடு விசைப்படகு

இங்கே எல்லோரும் மாதச் சம்பளக் கணக்குப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் வருமானம் இல்லாத காலம் காலண்டரிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த நாட்களில் படகு கரையில்தான் நிற்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதும் அதே ஜூன் மாதம். அதனால் என் அம்மா காலத்திலிருந்தே தை மாதம் முதல் அந்த 61 நாளுக்குச் சேர்த்துவைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பணத்தை யாரும் தொடுவதில்லை, வலை கிழிந்தாலும் தொடுவதில்லை.

உங்கள் கணவரின் சம்பளம் நின்றுபோனால் வீடு எத்தனை நாள் ஓடும்? பதில் தெரியாவிட்டால் ஃபண்டு, மனை, சீட்டு எல்லாம் அடுத்த பேச்சு. மாதச் செலவு 31,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு 93,000. ஆறு மாதத்துக்கு 1,86,000. முதலில் அதைச் சேருங்கள் அக்கா. உங்களுக்குத் தடைக்காலம் தேதி சொல்லிக்கொண்டு வராது.

எர்ணாவூர் மாடிவீடு

காசிமேடு அண்ணன் சொன்னதை நான் அனுபவித்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சுவரில் கறுப்புக் கோடு. இரண்டு தடவை வெள்ளையடித்தும் மழைக்காலத்தில் அந்தக் கோடு மங்கலாக மேலே வருகிறது. மெத்தை, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். துடைத்த துணியிலிருந்தும் அந்த வாடை போகவில்லை. பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. நிவாரணம் வரும் வரைக்கும் எங்களைத் தாங்கியது, அஞ்சலகத்தில் போட்டிருந்த 40,000.

கடன் இருக்கும்வரை வங்கி வற்புறுத்தி வீட்டுக்குக் காப்பீடு எடுக்கவைத்திருக்கும். கடன் தீர்ந்ததோடு அதுவும் நின்றிருக்கலாம். விசாரியுங்கள். வெள்ளத்துக்கும் சேர்த்து எடுக்க வேண்டும், வீட்டுச் சாமானுக்கும் சேர்த்து. நீங்கள் இரண்டாம் மாடி என்றாலும் மின்மீட்டரும் மோட்டாரும் கீழேதானே இருக்கும்.

கொடுங்கையூர் ஆசிரியை

நான் முதல் பதிவை மூன்று தடவை படித்தேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். வீடு யார் பெயரில் இருக்கிறது?

கணக்குநோட்டு

கணவர் பெயரில் மட்டும்தான் அம்மா. கடனும் அவர் பெயரில்தான். முன்பணத்துக்கு என் ஆறு சவரன் வளையலை விற்றோம். அப்போது எனக்கு வேலை இல்லை என்பதால் பெயர் சேர்க்க வேண்டாம் என்று சொன்னார்கள்.

கொடுங்கையூர் ஆசிரியை

நினைத்தேன். என் சொந்த அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அத்தான் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீடு தனக்குத்தான் என்று அக்கா நினைத்திருந்தாள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு. உங்கள் வீட்டில் அது நான்கு பங்கு. உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. மாமியாரின் காலத்துக்குப் பிறகு அவருடைய பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அக்கா வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு கையெழுத்துக்காக அவள் நான்கு ஊருக்கு அலைந்தாள்.

இரண்டு வழி இருக்கிறது. உயில் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்வது நல்லது. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் பாதிப் பங்கை உங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவு செய்து கொடுக்கலாம். அது உடனே உங்களுடையது ஆகிவிடும், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. பத்திரம் வங்கியிலிருந்து வெளியே வரும் இந்த நேரம்தான் இதைப் பேசச் சரியான நேரம். ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. பதினேழு நோட்டு எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் எந்த வரியாவது உங்கள் பெயரில் இருக்கிறதா? வீட்டுக்கு என்று எடுத்துவைத்து எடுத்துவைத்து, உங்களுக்கு என்று ஒரு கணக்கு இல்லாமல் ஐம்பது வயதை நெருங்குகிறீர்கள் அல்லவா? உங்கள் பெயரில் பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்குங்கள். அதில் ஒரு விஷயம் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். ஐந்தாம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாதத்துக்கு அந்தத் தொகைக்கு வட்டி உண்டு. அதே ஐந்தாம் தேதி. இத்தனை வருடம் வங்கிக்காகக் காத்த தேதியை இனி உங்களுக்காகக் காத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் லோகோ

ஆசிரியை அம்மா சொன்ன பெயர் விஷயத்தை முழுமையாக ஏற்கிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை, தவறு என்னுடையது. ஆனால் பி.பி.எஃப். என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இப்போது வட்டி 7.1 சதவீதம், பதினைந்து வருடம் பூட்டிவிடுவார்கள். கல்லூரிக் கட்டணமும் மருத்துவச் செலவும் ஏறும் வேகத்துக்கு அது போதாது.

ராயபுரம் காசாளர்

தம்பி, கணக்கில் நீங்கள் சொல்வது சரி. நான் மனிதர்களைப் பார்த்தவன். 2020 மார்ச்சில் சில வாரங்களில் நிஃப்டி என்ற பங்குச்சந்தைக் குறியீடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக விழுந்தது. அந்த மாதம் என் கிளைக்கு வந்து, "எல்லாவற்றையும் எடுத்துக் கொடுங்கள்" என்று கை நடுங்கக் கேட்டவர்கள் முதன்முறை ஃபண்டில் போட்டவர்கள். பொறுத்தவர்களுக்கு மீண்டு வந்தது. பொறுக்க முடியாதவர்களுக்கு நஷ்டம் நிலைத்துவிட்டது. பதினேழு வருடம் வங்கிக் கணக்கை மட்டுமே பார்த்த குடும்பத்தை ஒரே நாளில் முழுத்தொகையோடு சந்தையில் இறக்கக் கூடாது. சிறு தொகையில் தொடங்கட்டும், ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் பழகட்டும். பி.பி.எஃப். பதினைந்து வருடம் முழுவதும் பூட்டு அல்ல, ஏழாம் நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். வட்டிக்கு வரியும் இல்லை.

மருத்துவக் காப்பீடு பற்றி யாரும் பேசவில்லை. கணவருக்குத் தொழிற்சாலை எடுத்திருக்கும் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். 58 வயதில் புதிதாக எடுக்கப் போனால் தவணையும் அதிகம், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். இப்போதே தனியாக எடுத்தால் அந்தக் காத்திருப்பு வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

டோல்கேட் சங்கச் செயலாளர்

சுருக்கமாக ஒன்று. பதினேழு வருடக் கட்டடம், கடற்கரை ஓரம். உப்புக்காற்றில் பால்கனிக் கம்பி துருப்பிடித்து சிமென்ட் உதிரத் தொடங்கும் வயது அது. எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடி ஒழுகலைத் தள்ளிப்போட்டு, கடைசியில் வீட்டுக்கு 45,000 கொடுத்தோம். வீட்டுக்காகவும் மாதம் ஏதாவது ஒதுக்குங்கள். மாநகராட்சி சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதையும் விடாதீர்கள்.

கணக்குநோட்டு

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

வங்கிக்கு இருவரும் சேர்ந்து போனோம். காசாளர் ஐயா சொன்னபடி பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணினோம். மூலப் பத்திரம் ஒன்றில் ஒரு பக்கம் குறைவதுபோல இருந்தது. என் நெஞ்சு படபடத்துவிட்டது. பார்த்தால் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாகப் பிரித்தோம், சரியாக இருந்தது. அடுத்த வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவானது. வில்லங்கச் சான்றை மகள் கைப்பேசியில் எடுத்துக் காட்டினாள். கடைசி வரியாக அது வந்துவிட்டது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

பெயர் விஷயத்தை நான் எடுக்கவே தயங்கினேன். இந்த இழையைப் படித்த கணவரே தொடங்கினார். ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். பாதியை எனக்கு எழுதித் தருவதாகவும், மீதிக்கு உயில் எழுதுவதாகவும் முடிவு. மாமியாரிடம் மறைக்காமல் சொன்னோம். "அவள் வளையல் போட்ட வீடு" என்று மட்டும் சொன்னார்.

மீஞ்சூருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தோம் அண்ணா. கணவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் ரயிலில், "மகன் பன்னிரண்டு முடிக்கட்டும், அப்போது கையில் இருப்பதை வைத்துப் பார்ப்போம், கடன் வேண்டாம்" என்றார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு என்ற அவர் நினைப்பு போய்விடவில்லை. எனக்கும் அது போக வேண்டாம்.

இந்த மாதம் நோட்டில் முதல் வரி மறுபடி சிவப்பு மையில் இருக்கிறது, தொகை அதே 13,977. அதற்குக் கீழே பிரித்து எழுதியிருக்கிறேன். என் பெயரில் பி.பி.எஃப். 4,000. காசிமேடு அண்ணன் சொன்ன தடைக்காலப் பணத்துக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு 4,000. மருத்துவக் காப்பீட்டுக்கு 2,500. பெரம்பூர்த் தம்பி சொன்ன குறியீட்டு ஃபண்டில் 2,000, அதை மகள் பார்த்துக்கொள்வாள். அவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது, அதிலிருந்து தானும் 500 சேர்க்கிறேன் என்கிறாள். மீதி 1,477 வீட்டு மராமத்துக்கு. மொட்டைமாடிக்கு எங்கள் சங்கத்தில் அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறேன், செயலாளர் ஐயா உங்கள் அனுபவத்தை விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

அக்டோபர்ப் பக்கத்தில் தொகை இல்லாமல் வெற்றாக நின்ற இடத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நேற்றிரவு கணவர் நோட்டை வாங்கி, அந்த "வீடு" என்ற சொல்லுக்கு நேரே ரசீது ஆவணத்தின் எண்ணையும் பதிவான தேதியையும் எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.